சமூக நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி? முதல் முடிவிலிருந்து கடைசிக் கணக்கு வரை முழு வழிகாட்டி

ஒரு சமூக நிகழ்ச்சியை நடத்துகிற குழு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. மேடை, பேச்சாளர், ஒலிபெருக்கி, நினைவுப் பரிசு என்று எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் ஓடியாடுவார்கள், விளம்பரத்துக்குக் கடைசி வாரம் மட்டும் மிச்சமிருக்கும். அந்த வாரத்தில் ஒரு போஸ்டர் தயாராகும், தெரிந்த வாட்ஸ்அப் குரூப்களில் எல்லாம் போய் விழும், நாலு பேர் கைகூப்பும் இமோஜி போடுவார்கள், அத்தோடு சரி. அன்றைக்குப் போய்ப் பார்த்தால் முன்வரிசையில் குழுவினரும் அவர்கள் வீட்டு ஆட்களும்தான் உட்கார்ந்திருப்பார்கள். நிகழ்ச்சி நன்றாகத்தான் நடக்கும். ஆனால் அது யாருக்காக நடத்தப்பட்டதோ அவர்களில் பலருக்கு இப்படியொன்று நடந்ததே தெரிந்திருக்காது. எனக்கு இதுதான் ஆற்றாமை.

நான் பார்த்த வரைக்கும், வெறும் போஸ்டரைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத இடத்துக்குக் கிளம்பி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். தெரிந்த ஒருவர் "நான் போறேன், நீயும் வாயேன்" என்று கூப்பிட்டதால் வருகிறவர்கள்தான் அதிகம். போஸ்டர், லிங்க், ரீல்ஸ், பத்திரிகைச் செய்தி எல்லாம் அந்த அழைப்புக்குத் துணை நிற்பவை. கூப்பிட்டவர் சொன்னது உண்மைதான் என்று உறுதிப்படுத்தும், தேதியை ஞாபகப்படுத்தும், வழி காட்டும். இந்த வழிகாட்டியை முழுக்க இந்த ஒரு எண்ணத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். பேசுவதற்கு வசதியாக ஒரு நிகழ்ச்சியை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: பழுதான வீட்டுப் பொருட்களைத் தன்னார்வலர்கள் இலவசமாகச் சரி செய்து தரும் ஒருநாள் முகாம். உங்களுடையது வாசிப்பு வட்டமோ, ரத்ததானமோ, விளையாட்டுப் போட்டியோ, இசை நிகழ்ச்சியோ, எதுவானாலும் வேலை கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: இதுவரை வராதவர் யார் என்று பாருங்கள்

"அனைவரும் வருக" என்று போட்டால் யாரும் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் குழுவாக உட்கார்ந்து முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: வழக்கமாக வருகிறவர்கள் யார், வர வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டும் வராதவர்கள் யார்? கூட்டம் பெருகுவது என்றால் இந்த இரண்டாவது வரிசை வருவதுதான். முதல் வரிசைக்காரர்களுக்கு எத்தனை தடவை நினைவூட்டினாலும் அதே முகங்கள்தான் வரும்.

பழுதுபார்க்கும் முகாமுக்கு என்றால் அந்த இரண்டாவது வரிசையில் தனியாக வசிக்கும் முதியவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், சின்னக் குழந்தைகள் உள்ள பெற்றோர் இருக்கலாம். ஒவ்வொருவரும் வராததற்கு வேறு வேறு காரணம் இருக்கும். முதியவருக்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருவது சிரமம். புதிதாக வந்தவருக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. மாணவர் இதைப் பெரியவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருப்பார். பெற்றோருக்குக் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலை. இந்தக் காரணங்களை உட்கார்ந்த இடத்தில் ஊகிக்காதீர்கள், ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பேரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். "இப்படி ஒன்று நடந்தால் வருவீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்கு "கண்டிப்பா" என்பார்கள். "போன தடவை நடந்ததுக்கு ஏன் வர முடியல?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அப்படி வருகிற பதில்களில் பாதிக்கு விளம்பரமே தேவைப்படாது, ஏற்பாட்டில் சின்ன மாற்றம் செய்தாலே போதும். பொருளை வீட்டிலிருந்து வாங்கி வர இரண்டு இளைஞர்களைப் போடலாம், குழந்தைகளுக்கு ஒரு மூலையில் ஏதாவது வேலை கொடுக்கலாம். அப்புறம் அதையே நோட்டீஸில் எழுதலாம், அது பத்து அலங்கார வரிகளைவிட நன்றாக வேலை செய்யும்.

படி 2: தேதியும் இடமும்

விளம்பரம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. தேதியை அறிவிப்பதற்கு முன்னால் தேர்வுக் காலம், நீண்ட விடுமுறை, பண்டிகை, பெரிய விளையாட்டுப் போட்டி, அதே வட்டாரத்தில் மற்ற அமைப்புகளின் நிகழ்ச்சி எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மற்ற அமைப்புகளிடம் போன் செய்தே கேட்கலாம், அந்தப் பேச்சு பின்னால் கூட்டணியாகவும் மாறும்.

அரங்கத்தைக் கொஞ்சம் சிறியதாகவே பிடியுங்கள். 120 பேர் ஒரு 120 இருக்கை அரங்கத்தில் இருந்தால் நிறைந்த கூட்டம், அதே 120 பேர் 500 இருக்கை அரங்கத்தில் இருந்தால் யாருமே வரவில்லை என்று தோன்றும், எடுக்கிற புகைப்படத்திலும் அப்படித்தான் தெரியும், அடுத்த தடவை விளம்பரத்துக்கு அந்தப் படம் உதவாது. சக்கர நாற்காலி உள்ளே போகுமா, கழிவறை எங்கே, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். வரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான்.

படி 3: இரண்டு வரியில் சொல்ல முடிகிறதா?

குழுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "இது என்ன நிகழ்ச்சி, நான் ஏன் வரணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால் போஸ்டர் வேலையை நிறுத்திவிட்டு இதை முதலில் சரி செய்யுங்கள்.

பெரும்பாலான நோட்டீஸ்கள் இப்படி இருக்கும்:

"மாபெரும் சமூக விழிப்புணர்வு பழுதுநீக்கு முகாம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை... அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு நிகழ்ச்சியைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்."

இதைப் படிக்கிறவருக்கு அங்கே தனக்கு என்ன இருக்கிறது என்று புரியாது. நிகழ்ச்சியைச் சிறப்பிப்பது அவர் கடமை மாதிரி வேறு தொனிக்கிறது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஓடாத ஃபேன், சூடாகாத இஸ்திரிப் பெட்டி, ஜிப் போன பை, எதுவானாலும் எடுத்து வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே சரி செய்து தருகிறோம், அடுத்த தடவை நீங்களே செய்துகொள்ளவும் சொல்லித் தருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை. தூக்கி வர முடியாதவர்கள் முந்தின நாளே அழைத்தால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம்."

இரண்டாவதைப் படித்ததும் பரணில் கிடக்கிற ஒரு பொருள் ஞாபகத்துக்கு வந்துவிடும். எழுதும்போது அதைத்தான் குறி வைக்க வேண்டும். தலைமை தாங்குகிறவர்கள் பெயர் கட்டாயம் வேண்டும் என்றால் அவர்களுக்குத் தனி அழைப்பிதழ் அச்சடித்துவிடுங்கள், பொதுமக்களுக்குப் போகும் நோட்டீஸை விட்டுவிடுங்கள். இதற்குக் குழுவுக்குள் கொஞ்சம் மனத்தாங்கல் வரும், பேசிச் சமாளிக்கத்தான் வேண்டும்.

படி 4: எல்லாத் தகவலுக்கும் ஒரே ஒரு வீடு

இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும். சொந்தத் தளமோ, ஃபேஸ்புக் நிகழ்ச்சிப் பக்கமோ, ஒரு கூகுள் படிவமோ, எது வசதியோ அது. போஸ்டர், வாட்ஸ்அப், பத்திரிகை எல்லாம் அந்த ஒரே இடத்தைத்தான் காட்ட வேண்டும். நேரம் மாறினால் அங்கே திருத்திவிடலாம். இது இல்லாத நிகழ்ச்சிகளில், பழைய நேரம் போட்ட போஸ்டரும் புது நேரம் போட்ட போஸ்டரும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: என்ன நிகழ்ச்சி, தேதி கிழமையோடு (இரண்டும் பொருந்துகிறதா என்று காலண்டரைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்), தொடங்கும் நேரம் மட்டுமில்லாமல் முடியும் நேரமும், மேப் லிங்க், எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்ற ஒரு வரி, கட்டணம் உண்டா இல்லையா, குழந்தைகளைக் கூட்டி வரலாமா, என்ன எடுத்து வர வேண்டும், கேள்வி இருந்தால் யாரை அழைப்பது. முடியும் நேரத்தைப் பலரும் போடுவதில்லை. வேலைக்குப் போகிறவர்களும் பெற்றோரும் வரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதே அதை வைத்துத்தான்.

இன்னொன்று, தகவலைப் படத்துக்குள் மட்டும் பூட்டி வைக்காதீர்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தை எளிதாக நகலெடுத்து அனுப்ப முடியாது, வாட்ஸ்அப்பில் தேடினால் கிடைக்காது, பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கும் பெரும்பாலும் எட்டாது. போஸ்டர் அனுப்பும்போதெல்லாம் அதே தகவலைக் கீழே எழுத்தாகவும் போட்டுவிடுங்கள்.

படி 5: நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

எட்டு வாரம் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். மாத இதழ்களில் செய்தி வர வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே அனுப்ப வேண்டும், ஏனென்றால் அவர்கள் இதழை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். அதே சமயத்தில் பங்காளி அமைப்புகளிடமும் பேசத் தொடங்குங்கள். ஆறு வாரம் இருக்கும்போது "இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சின்ன அறிவிப்பு, விவரம் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டியதில்லை. நாலு வாரம் இருக்கும்போது போஸ்டர் அச்சாகி, பக்கம் திறந்து, பதிவு தொடங்கிவிட வேண்டும். அதற்கடுத்த மூன்று வாரமும் ஆள் வழியாக அழைப்பதற்கே. கடைசி வாரம் நினைவூட்டலுக்கு மட்டும்.

நாலு வாரம்தான் இருக்கிறது என்றால் மாத இதழை மறந்துவிட்டு நேராக அடுத்த படிக்குப் போங்கள், ஏனென்றால் அதைத் தவிர்த்து மிச்ச எல்லாவற்றையும் செய்தாலும் கூட்டம் வராது.

படி 6: ஆளைக் கூட்டி வரும் ஆட்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் சில பேர் இருப்பார்கள், அவர்கள் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பதவியில் இருப்பவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. டியூஷன் எடுக்கிற அக்கா, நூலகர், குடியிருப்பின் காவலாளி, தையல் கற்றுக்கொடுப்பவர், காலையில் நடைப்பயிற்சிக் கூட்டத்தைச் சேர்க்கிறவர், மாணவர் சங்கத்தில் துடியாக இருக்கிற பையன். இப்படி இருபது பேரைப் பட்டியல் போடுங்கள். இருபது பேரும் இருபது வேறு வட்டங்களைச் சேர்ந்தவர்களாக இருப்பது முக்கியம். குழுவினரின் நெருங்கிய நண்பர்களையே போட்டு நிரப்பினால் எல்லோருக்கும் தெரிந்த அதே ஐம்பது பேருக்கே செய்தி திரும்பத் திரும்பப் போகும். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி எழுதியது இன்றைக்கும் அதிகம் பேசப்படுகிறது. நெருக்கமானவர்கள் ஒரே வட்டத்தில் இருப்பதால் அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவ்வளவு நெருக்கமில்லாத, அறிமுக அளவில் இருக்கிறவர்கள் வழியாகத்தான் புதுச் செய்தி ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குத் தாவுகிறது. ஆகவே போனில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பேசுகிற எண்களைத் தேடிப் பாருங்கள்.

அவர்களிடம் "ஷேர் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள் அல்லது நேரில் போங்கள். நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லி அவர்களின் கருத்தைக் கேளுங்கள், அப்புறம் ஒரு சின்ன, தெளிவான வேலையைக் கேளுங்கள். இந்த மாதிரி:

"அக்கா வணக்கம். ஞாயிற்றுக்கிழமை முகாம் பற்றிச் சொன்னேனே, உங்ககிட்ட படிக்க வர்ற பிள்ளைகளோட அம்மாக்கள்ல யாருக்கு இது ரொம்ப உதவும்னு தோணுதோ, அஞ்சு பேரை மட்டும் நீங்களே கூப்பிட்டுச் சொல்ல முடியுமா? வர்றவங்க பேரை எனக்கு அனுப்பினா முன்னாடியே டோக்கன் எடுத்து வெச்சிடுறேன், காத்திருக்க வேண்டியிருக்காது."

ஐந்து பேர் என்று எண் சொன்னதால் வேலை செய்யக்கூடியதாகிறது, "நீங்களே கூப்பிட்டு" என்றதால் ஃபார்வர்டோடு முடியாது, டோக்கன் இருப்பதால் அவர் தன் ஆட்களுக்கு ஏதோ நல்லது செய்கிற திருப்தியோடு அழைப்பார். இருபது பேர் தலா ஐந்து பேரை அழைத்தால் நூறு நேரடி அழைப்பு. ஆயிரம் பேர் இருக்கிற குரூப்பில் போடுகிற போஸ்டரைவிட இந்த நூறின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இதன் இன்னொரு பக்கம், பங்கு கொடுப்பது. மேடையில் பாடுகிற குழந்தையின் வீட்டார் எல்லோரும் வருவார்கள் என்பது தெரிந்ததுதான். அதையே விரித்துப் பாருங்கள். முகாமில் வரவேற்பு மேசையைக் கல்லூரி மாணவர் அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும், டோக்கன் கொடுப்பதைக் குடியிருப்போர் சங்கம் பார்க்கட்டும், தையல் பகுதியை மகளிர் குழு நடத்தட்டும், சரி செய்த பொருட்களைப் படம் எடுப்பதை ஒரு புகைப்பட ஆர்வலர் குழு எடுத்துக்கொள்ளட்டும். யாருக்கு வேலை இருக்கிறதோ அவர்கள் வருவார்கள், தங்கள் ஆட்களையும் கூட்டி வருவார்கள். அமைப்புகளிடம் பேசும்போது முதல் வாரத்திலேயே பேசுங்கள், எல்லாம் முடிவான பிறகு "உங்க லோகோவைப் போட்டுக்கறோம்" என்று போனால் அவர்களும் லோகோவை மட்டும் தந்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்கள்.

படி 7: வாட்ஸ்அப்பைச் சரியாகப் பயன்படுத்துவது

செயலியின் சில கட்டுப்பாடுகள் தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். 2019 முதல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆகவே ஃபார்வர்டு ஆகி ஆகித் தானாகப் பரவிவிடும் என்ற கணக்கு வேண்டாம். ஃபார்வர்டு அம்புக்குறியோடு வருகிற செய்தியைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் ஆட்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு வெறும் எழுத்துச் செய்தியைக் கொடுத்து, "இதை நகலெடுத்து, மேலே அவங்க பேரைப் போட்டு, உங்க வார்த்தையில ஒரு வரி சேர்த்து அனுப்புங்க" என்று சொல்லுங்கள். போஸ்டரை கேலரியில் சேமித்து அங்கிருந்து அனுப்பினால் அம்புக்குறி வராது.

பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல் "எல்லாருக்கும் அனுப்பியாச்சு" என்று நிம்மதியாக இருக்கிற குழுக்கள் நிறைய. பதிவு செய்கிறவர்களிடம் முதல் செய்தியிலேயே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், மாற்றம் இருந்தால் இதிலிருந்துதான் சொல்வோம்" என்று கேட்டுவிடுங்கள்.

குரூப்களில் போடும் முன் அட்மினிடம் ஒரு வார்த்தை அனுமதி கேளுங்கள், முடிந்தால் அவரையே போடச் சொல்லுங்கள். அவர் போட்டால் படிப்பார்கள். ஒரே போஸ்டரை ஒரே குரூப்பில் தினமும் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு விஷயம் இருக்கட்டும். இன்றைக்கு, பழுதுபார்க்க வரும் தன்னார்வலர் ஒருவர் தன் கருவிப்பெட்டியோடு நிற்கிற படம். அடுத்த வாரம், "டோக்கன் பாதி முடிந்துவிட்டது" என்ற தகவல் (உண்மையாக இருந்தால் மட்டும்). அதற்கடுத்து, வழி காட்டும் முப்பது வினாடி வீடியோ, பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை போனைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும். புதிய இடத்துக்கு வரத் தயங்குகிறவர்களுக்கு அந்த வீடியோ செய்கிற உதவி பெரிது.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆகவே குழுவினர் எல்லோரும் ஒரே நாளில் வைக்காமல் நாள் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 8: அச்சு

போஸ்டரில் எழுத்து குறைய வேண்டும். என்ன, எப்போது, எங்கே, கியூஆர் கோடு, ஒரு போன் எண், அவ்வளவுதான். வடிவமைப்பவரிடம் ஏ3 அளவு என்றால் 297 × 420 மில்லிமீட்டர், 300 டிபிஐ, நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் என்று சொல்லிவிடுங்கள். திரையில் அழகாக இருந்தது என்று ஒப்புதல் கொடுத்துவிடாமல், சாதாரணத் தாளில் ஒன்று அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள், தேதியும் இடமும் கண்ணில் படவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. நீங்கள் யூனிகோடில் தட்டி அனுப்பியது, அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும், "கொ" உடைந்து நிற்கும், க்ஷ, ஸ்ரீ போன்றவை கட்டமாகிவிடும். அச்சுக்குப் போகிற கடைசி பிடிஎஃப்பை அனுப்பச் சொல்லி, குழுவில் அதுவரை அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். போன் எண்ணை ஒருமுறை அழைத்தே பார்த்துவிடுங்கள்.

கியூஆர் கோடைப் பற்றி: அதைச் சுற்றி வெள்ளை இடைவெளி இருக்க வேண்டும், வெளிர் பின்னணியில் அடர் நிறம்தான் நன்றாகப் படிக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பார்கள் என்றால் 20 சென்டிமீட்டர். இலவசமாக உருவாக்கித் தரும் சில தளங்கள் உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடும், சில வாரம் கழித்துப் பணம் கட்டினால்தான் கோடு வேலை செய்யும் என்று நிறுத்தியும் விடும். உங்கள் பக்கத்தின் முகவரியே நேராகக் கோடுக்குள் இருக்கும்படி உருவாக்குங்கள், அச்சுக்கு முன்னால் இரண்டு மூன்று போன்களில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

ஒட்டுவதற்கு நல்ல இடம், மக்கள் சும்மா நின்று காத்திருக்கிற இடம்: லிஃப்ட் பக்கம், நூலக அறிவிப்புப் பலகை, மருத்துவரின் காத்திருப்பு அறை, சலவைக் கடை, பள்ளி வாசல். எல்லா இடத்திலும் அனுமதி கேட்டு ஒட்டுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நீங்களே போய்க் கழற்றிவிட்டால் அடுத்த தடவை சிரித்துக்கொண்டே இடம் கொடுப்பார்கள்.

படி 9: இன்ஸ்டா, ஃபேஸ்புக், பத்திரிகை

இவற்றில் வேகமாகப் போகிறேன். இன்ஸ்டாகிராமில் பட அளவு 1080 × 1350 பிக்சல் பதிவுக்கு, 1080 × 1920 பிக்சல் ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும். பதிவின் கீழே எழுதுகிற லிங்க்கைச் சொடுக்க முடியாது, அதனால் ப்ரொஃபைலில் லிங்க்கை வையுங்கள், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கரைப் பயன்படுத்துங்கள். வீடியோவில் பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள், நிறையப் பேர் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்கள். காசு கொடுத்து விளம்பரம் போடுவதாக இருந்தால் அரங்கத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்கு மட்டும், கடைசிப் பத்து நாளில் மட்டும் போடுங்கள், மாநிலம் முழுக்கக் காட்டி லைக் வாங்கி என்ன செய்வது?

பத்திரிகைக்கும் வானொலிக்கும் ஒரு பக்கம் போதும். முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் வந்துவிட வேண்டும், இடம் பத்தாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். "முகாம் நடக்கிறது" என்பதைவிட, முப்பது வருடப் பழைய வானொலியைச் சரி செய்ய எடுத்து வரப்போகும் ஒருவரின் கதை நிருபருக்குப் பிடிக்கும், அவர் சம்மதத்தோடு தொடர்புக்கு ஏற்பாடு செய்துகொடுங்கள். தெளிவான ஒரு படத்தை இணைப்பாக அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட் ஆக அனுப்ப வேண்டும்.

படி 10: வருகிறேன் என்றவர்களை வர வைப்பது

இலவச நிகழ்ச்சிகளில் பதிவு செய்தவர்களில் ஒரு பெரும் பங்கு வராமல் போவது சகஜம். அவர்கள் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு வேறு ஏதாவது குறுக்கே வந்திருக்கும், இல்லை மறந்திருப்பார்கள். இதைக் குறைக்க முடியும்.

பதிவுப் படிவத்தில் நாலு கேள்வி போதும்: பெயர், போன் எண், எத்தனை பேர் வருகிறீர்கள், யார் மூலம் தெரிந்தது. மின்னஞ்சல், முகவரி, வயது என்று நீட்டினால் பாதியிலேயே மூடிவிடுவார்கள், தேவையில்லாத தனிப்பட்ட விவரங்களை வாங்கிப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் வரும். பதிவானதும் ஒரு உறுதிச் செய்தி, காலண்டரில் சேர்க்கும் லிங்க்கோடு. மூன்று நாளுக்கு முன்னால் ஒன்று, முந்தின நாள் மாலை ஒன்று. நினைவூட்டலில் பதில் சொல்ல வைக்கும் ஒரு கேள்வி இருக்கட்டும்: "நாளைக்கு எந்தப் பொருளை எடுத்து வர்றீங்க? எத்தனை மணி வாக்கில வருவீங்க?" இதற்குப் பதில் எழுதும்போதே மனசுக்குள் கிளம்புவதற்கு ஒரு திட்டம் வந்துவிடும். வர முடியாதவர்கள் சங்கடமில்லாமல் சொல்ல வழி கொடுங்கள், "வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், காத்திருக்கும் இன்னொருவருக்கு டோக்கனைக் கொடுத்துவிடுகிறோம்" என்றால் தாராளமாகச் சொல்வார்கள்.

மழை வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்து, யார் அறிவிப்பது, எத்தனை மணிக்குள் அறிவிப்பது என்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

படி 11: அன்றைய நாளும் அடுத்த வாரமும்

தெருமுனையிலிருந்தே அம்புக்குறி வையுங்கள். வாசலில் இரண்டு பேர் நிற்கட்டும், அவர்களுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்க வேண்டாம். தனியாக வருகிற புது முகத்தை வரவேற்று, உள்ளே கூட்டிப்போய், இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைப்பது அவர்கள் பொறுப்பு. முதல் தடவை வந்து பேச ஆளில்லாமல் ஓரமாக நின்றுவிட்டுப் போனவர் திரும்ப வரமாட்டார், யார் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

உள்ளே வருகிறவர்களை எண்ணுங்கள், "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: நண்பர் சொன்னார், குரூப், போஸ்டர், இன்ஸ்டா, பத்திரிகை, வழியில் பார்த்தேன். நண்பர் என்றால் அவர் பெயரையும் கேளுங்கள். புகைப்படம் எடுக்கப்படும் என்று வாசலிலேயே எழுதி வையுங்கள், குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். அடுத்த நிகழ்ச்சியின் தேதி முடிவாகியிருந்தால் கூட்டம் கலைவதற்கு முன், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே அறிவித்துவிடுங்கள், தகவல் வேண்டும் என்பவர்கள் தாங்களே எண்ணை எழுதித் தர ஒரு தாளை மேசையில் வையுங்கள்.

இரண்டு நாளுக்குள் வந்தவர்களுக்கு நன்றியும் படங்களும் போக வேண்டும். ஆட்களைக் கூட்டி வந்தவர்களுக்கு மட்டும் போனிலேயே நன்றி சொல்லுங்கள், அவர்கள் அனுப்பியவர்களில் யார் வந்தார்கள், எந்தப் பொருள் சரியானது என்று விவரமாகச் சொல்லுங்கள், தன் பேச்சால் என்ன நடந்தது என்று தெரிந்தவர் அடுத்த தடவை கேட்காமலேயே பத்துப் பேருக்குச் சொல்வார். அப்புறம் வாசலில் போட்ட கோடுகளை எண்ணி, எந்த வழியில் எத்தனை பேர் வந்தார்கள், அந்த வழிக்கு எவ்வளவு நேரமும் பணமும் செலவானது, படி 1-ல் எழுதிய இரண்டாவது வரிசையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம், போஸ்டரின் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, இருபது பேரின் பட்டியல் மூன்றையும் குழுவில் எல்லோராலும் திறக்க முடிகிற ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள், ஒருவர் போனில் மட்டும் இருந்தால் அடுத்த வருடம் அவர் இல்லாதபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.